சோக் போட்டும் பிடிக்காத புல்வெட்டும் டிராக்டர்: லிவரை விடுங்கள், தட்டைப் பாருங்கள்

உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் டிராக்டர் எங்கள் பக்கம் அதிகம் கிடையாது. மார்த்தாண்டத்தில் சின்ன இன்ஜின் பழுது பார்க்கிற என் கடைக்கு வருவதில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத்துக் களை வெட்டுகிற பிரஷ் கட்டர்தான். அதற்கடுத்தது வாழைத் தோட்டத்துத் தண்ணீர் பம்ப். ஆனால் கடற்கரை ஓர விடுதிகளிலும் பெரிய கல்லூரி மைதானங்களிலும் டிராக்டர் வைத்திருக்கிறார்கள். மாசி, பங்குனி முழுக்க ஷெட்டில் தூங்கிவிட்டு, ஜூன் மழையில் புல் முழங்கால் உயரம் வந்த பிறகுதான் சாவியைத் தேடுவார்கள். அப்புறம் எனக்குப் போன் வரும்: "அண்ணே, சோக் முழுசா போட்டுப் பாத்தாச்சு, பிடிக்கவே மாட்டேங்கு."

முழுசாகப் போனது டேஷ்போர்டில் இருக்கிற லிவர். அதன் மறுமுனையில், பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டரின் வாயில் இருக்கிற தட்டு முழுசாக மூடியதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். லிவருக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு கேபிள், ஒரு கிளாம்ப், இரண்டு மூன்று கொக்கிக் கம்பிகள் இருக்கின்றன. உப்புக்காற்று அடிக்கிற ஊரில் இவற்றில் ஏதாவது ஒன்று சதி பண்ணும்.

சோக் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் உள்சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். சிலிண்டருக்குள் போய்ச் சேருவது காற்று மிகுந்த, சத்தில்லாத கலவை. சோக் தட்டு காற்று வாயை அடைத்தால் பிஸ்டன் இழுக்கிற இழுப்பெல்லாம் ஜெட்டின் (பெட்ரோல் வருகிற நுண்துளை) மேல் விழும், பெட்ரோல் கூடுதலாக ஏறும். அவ்வளவுதான் அதன் வேலை. நம் மாவட்டத்துச் சமவெளியில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதனால் இங்கே சோக் சில விநாடி வேலைக்காரன். அரை சோக்கில் வைத்து ஓட்டினால்தான் வண்டி நிற்காமல் ஓடுகிறது என்றால், அது சோக் குறைபாடே இல்லை. பெட்ரோல் பாதை எங்கோ அடைத்திருக்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் கேபிளை முறுக்கிக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்பானரை எடுக்கும் முன்

முதலில் செல்ஃப் எப்படிச் சுற்றுகிறது என்று கேளுங்கள். மெதுவாக, இழுத்து இழுத்துச் சுற்றினால் கார்புரேட்டர் பக்கமே போக வேண்டாம். முழு சார்ஜில் 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி போய்விட்டது, அல்லது டெர்மினலில் பச்சை பூத்திருக்கிறது. முட்டம், குளச்சல் பக்கத்து வண்டிகளில் டெர்மினல் பச்சைதான் முதல் சந்தேகம். செல்ஃப் சுற்றவே இல்லையா? பிரேக் பெடல் முழுக்க அழுந்தியிருக்கிறதா, பிளேடு சுவிட்ச் அணைந்திருக்கிறதா, ஆள் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். பாதுகாப்பு சுவிட்ச் மூன்றில் ஒன்று ஒத்துழைக்காவிட்டாலும் பல வண்டிகள் அசையாது.

அடுத்தது பெட்ரோல். தொட்டியில் கிடப்பது எப்போது வாங்கியது? இன்ஜின் கம்பெனிகள் 30 நாளைத் தாண்டிய பெட்ரோலைப் பயன்படுத்த வேண்டாம் என்கின்றன. பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. இந்தச் சின்ன இன்ஜின்களின் கையேடுகள் பெரும்பாலும் 10 சதவீதம் வரைதான் சம்மதிக்கின்றன. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். ஓரளவுக்கு மேல் குடித்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். கார்புரேட்டருக்குப் போகிற குழாயும் அடியில்தானே இருக்கிறது? இரண்டு பருவமழையும் நனைக்கிற நம் ஊரில் பாதித் தொட்டியோடு வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவது வம்பை விலைகொடுத்து வாங்குவது. கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் கால்மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் ஒரு கோடு தெரிந்தால் மொத்தத்தையும் வடித்துவிட்டு புதுசு ஊற்றிப் பாருங்கள். பாதி பேருக்கு வேலை இதோடு முடியும்.

ஆயில் குச்சியையும் ஒருமுறை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் நெடி அடித்து, ஆயில் மட்டமும் ஏறியிருந்தால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவை நிறுத்துகிற ஃப்ளோட் ஊசி மூடாமல் பெட்ரோல் கீழே வடிந்திருக்கிறது. அந்த ஆயிலை மாற்றி, ஊசியைச் சரிபண்ணாமல் செல்ஃப் அடிக்கவே கூடாது.

தட்டைக் கண்ணால் பார்ப்பது

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். பீடி, சிகரெட் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி ஃபில்டரை எடுங்கள். அதன் லட்சணத்தையும் பார்த்துவிடுங்கள்: புழுதியும் காய்ந்த புல்லும் அப்பி அடைத்திருந்தால் அதுவே நிரந்தர சோக் போட்ட மாதிரி. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றுக் காலத்தில் ஓடுகிற வண்டிகளில் இதைத்தான் முதலில் பார்ப்பேன். ஃபில்டரை எடுத்ததும் பல மாடல்களில் கார்புரேட்டர் தொண்டைக்குள் பித்தளை அல்லது பிளாஸ்டிக் தட்டு நேரடியாகத் தெரியும். தெரியாவிட்டால் கார்புரேட்டரின் பக்கவாட்டில் தட்டின் தண்டோடு சேர்ந்த சிறு கை இருக்கும், அதைக் கவனியுங்கள்.

இப்போது வேறொருவரை லிவரை சோக் நிலைக்குத் தள்ளச் சொல்லுங்கள். தட்டு தொண்டையை முழுக்க அடைக்க வேண்டும். தட்டிலேயே ஒரு சின்னத் துளையோ வெட்டோ இருந்தால் அது கம்பெனி வைத்தது, எம்-சீல் போட்டு அடைக்காதீர்கள். ஓரத்தில் பிறை மாதிரி இடைவெளி தெரிந்தால் தட்டு முழுசாக மூடவில்லை. அடுத்து லிவரை வேக நிலைக்கு, பெரும்பாலும் முயல் படம் போட்டிருக்கும் இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். தட்டு காற்றுப் போகும் திசைக்கு இணையாக, முழுக்கத் திறந்து நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்து நின்றால் வண்டி ஓடும், ஆனால் கறுப்புப் புகை கக்கும், பெட்ரோல் குடிக்கும், பிளக்கில் கரி பிடித்து நாளைக்கு அதே பிளக் பிடிக்க மாட்டேன் என்னும்.

மூடுவதும் திறப்பதும் இரண்டும் முழுசாக இருந்தால் சோக் அட்ஜஸ்ட்மென்ட் சரி. கேபிளைத் தொடாமல் கீழே கார்புரேட்டர் பகுதிக்குப் போய்விடுங்கள்.

மூடவில்லை என்றால்

விரலால் தட்டை அல்லது அதன் கையை மூடிப் பாருங்கள். விரலுக்கு லேசாக மூடி, லேசாகத் திறந்தால் தட்டில் குறை இல்லை. கேபிள் இழுப்புத்தான் போதவில்லை. விரலுக்கே முரண்டு பிடித்தால் தண்டில் பிசின் இறுகியிருக்கிறது. கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயைத் தண்டின் இரு முனையிலும் அடித்து, சில நிமிடம் விட்டு, முன்னும் பின்னும் அசைத்து இளக்குங்கள். கண்ணில் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் உண்டு. வேண்டாம், இரண்டு வாரத்தில் புழுதியோடு சேர்ந்து பழையபடி இறுகும்.

கேபிளுக்கு வருவோம். இன்ஜின் பக்கத்தில் ஒரு தகட்டு பிராக்கெட்டின் மேல் கேபிளின் உறையை ஒரு சின்னக் கிளாம்ப் பிடித்திருக்கும், ஒரே ஸ்க்ரூ. உள்ளே இருக்கிற கம்பியின் முனை இசட் வடிவில் வளைந்து ஒரு கையின் துளையில் மாட்டியிருக்கும். வேகமும் சோக்கும் ஒரே லிவரில் இருக்கிற வண்டிகளில் அந்தக் கை கடைசிக் கொஞ்ச தூரத்தில்தான் சோக் கம்பியைத் தள்ளும். ஆகவே உறை ஒரு சில மில்லிமீட்டர் நழுவினாலே வேகம் ஒழுங்காக வேலை செய்யும், சோக் மட்டும் எட்டாது. புகாரும் அப்படித்தான் வரும்: "ஓடினா நல்லா ஓடுது, காலையில பிடிக்கத்தான் மாட்டேங்கு."

கிளாம்ப் இருக்கும் இடத்தில் உறையின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், குழம்பினால் பழைய இடத்துக்குத் திரும்பலாம். ஸ்க்ரூவை உறை நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். டேஷ்போர்டு லிவர் சோக் நிலையின் கடைசியில் நிற்கட்டும். இப்போது இன்ஜின் பக்கத்துக் கையைத் தட்டு முழுக்க மூடும் வரை விரலால் தள்ளிப் பிடியுங்கள். உறை தானாக அதோடு நகர்ந்து வந்து நிற்கும். அந்த இடத்தில் ஸ்க்ரூவை முறுக்குங்கள். அதிகம் முறுக்கினால் உறை நசுங்கி உள்கம்பி சிக்கும். அசையாத அளவு போதும்.

முறுக்கியதும் லிவரை வேக நிலைக்குக் கொண்டுவந்து தட்டு முழுக்கத் திறக்கிறதா என்று பாருங்கள். நன்றாக மூடுகிறது, முழுக்கத் திறக்கவில்லை என்றால் உறையை ஒரு மில்லிமீட்டர் பின்னுக்கு விடுங்கள். வேக நிலையிலிருந்து சோக் பக்கம் தள்ளத் தொடங்கும்போது தட்டு அசையும் முன் லிவருக்குச் சிறிது வெறும் ஓட்டம் இருப்பது நல்லது. மூடுவதும் திறப்பதும் ஒன்றாக அமையவே மாட்டேன் என்கிறதா? உறையை விட்டுவிட்டு வேறு இடம் தேடுங்கள்: டேஷ்போர்டு லிவரின் பிளாஸ்டிக் பல் தேய்ந்திருக்கும், பிராக்கெட் வளைந்திருக்கும், இல்லாவிட்டால் இசட் முனையைப் பக்கத்துத் துளையில் யாரோ மாட்டியிருப்பார்கள்.

சோக்குக்குத் தனிக் குமிழ் இருந்தால் வேலை சுலபம். இழுத்தால் முழு மூடல், தள்ளினால் முழுத் திறப்பு, தள்ளிய நிலையில் கம்பியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தளர்வு.

அந்த பிராக்கெட்டிலேயே மெல்லிய ஸ்பிரிங்குகள் இருக்கும். அவை இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னருடையவை. வேகம் காணாது என்று அவற்றை வளைப்பதும் வேறு துளைக்கு மாற்றுவதும் கூடாது. இந்த இன்ஜின்களில் பலவற்றுக்கு நிமிடத்துக்கு 3,600 சுற்றுக்குப் பக்கத்தில்தான் உச்ச எல்லை. அதைத் தாண்டினால் கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும், கீழே பிளேடு வேறு சுற்றிக்கொண்டிருக்கும்.

கேபிள் மாற்றுகிறவர்களுக்கு

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் பணம் வீணாவது இங்கேதான். உள்கம்பி உப்புக்காற்றில் துருப்பிடித்து உறைக்குள் சிக்கும். அசல் கேபிள் கேட்டால் ஆர்டர் போட வேண்டும், வர நாளாகும் என்பார்கள். உடனே பைக் கேபிள் கடைக்குப் போய் நீளம் ஒத்துவருகிற ஒன்றை வாங்கி மாட்டிவிடுவார்கள். பைக் கேபிளின் உள்ளே இருப்பது இழை இழையாக முறுக்கியது. அது இழுக்கும், தள்ளாது. டிராக்டர் லிவர் கேபிளின் உள்ளே இருப்பது ஒற்றைக் கெட்டிக் கம்பி. இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும். பைக் கேபிளைப் போட்டால் ஒரு திசை வேலை செய்யும், மறு திசையில் இழைகள் உறைக்குள் மடங்கிக்கொள்ளும். சோக் மூடும், திறக்காது, அல்லது நேர்மாறு. பழைய கேபிளின் முனையைக் கையோடு கொண்டுபோய், ஒற்றைக் கம்பி கேபிள்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். உறையின் நீளமும் கம்பி வெளியே நீளும் அளவும் இரண்டும் பழையதோடு ஒக்க வேண்டும். மாட்டும்போது சூடான சைலன்சரைத் தொடாமல், கூர்மையாக மடங்காமல் வழி விடுங்கள்.

ஸ்டார்ட் செய்து பார்த்தல்

பிளக் வயரையும் ஃபில்டரையும் திரும்ப மாட்டுங்கள். லிவர் சோக்கில். சாவியை ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், பிடிக்காவிட்டால் ஒரு நிமிடம் விட்டு மறுபடி. செல்ஃப் மோட்டார் சூடேறி எரிந்தால் கேபிள் விலை அதன் முன் ஒன்றுமில்லை. இன்ஜின் பிடித்ததும் சில விநாடியில் லிவரை மெதுவாக வேக நிலைக்குக் கொண்டுவாருங்கள். மதியம் வெட்டி நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு வந்து எடுக்கும்போது சோக் வேண்டாம். சூட்டில் சோக் போட்டால் பெட்ரோல் மூழ்கும்.

மூழ்கிவிட்டால் தெரியும்: நெடி அடிக்கும், பிளக்கைக் கழற்றினால் நனைந்திருக்கும். பிளக்கைத் துடைத்துக் காயவைத்துப் போட்டு, சோக் முழுக்கத் திறந்து, வேகம் முழுக்க வைத்துச் செல்ஃப் அடியுங்கள். பிளக் இடைவெளியையும் அப்போதே அளந்துவிடலாம். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் கம்பெனி இன்ஜின்களில் பெரும்பாலும் 0.76 மில்லிமீட்டர்.

பிளக் காய்ந்தே இருந்தால் பெட்ரோல் வரவில்லை. இதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஒருவர் சீட்டில் உட்கார்ந்து செல்ஃப் அடிக்க, நீங்கள் கார்புரேட்டர் வாயைத் தடித்த அட்டையால் அடையுங்கள். கை வேண்டாம், பின்னடித்தால் சுடும். பிளேடு அணைந்திருக்கட்டும். அட்டைக்கு இன்ஜின் பிடித்தால் பெட்ரோல் இருக்கிறது, தட்டுத்தான் மூடவில்லை, கேபிளுக்குத் திரும்புங்கள். அட்டை வைத்தும் பிளக் காய்ந்தே இருந்தால் கார்புரேட்டரைத் திறக்க வேண்டும். வீட்டில் கிடக்கிற ரப்பர் ஷீட்டை அட்டைக்குப் பதில் எடுக்காதீர்கள். பதப்படுத்தாத பச்சை ரப்பர் பெட்ரோலில் இளகிப் பிசுபிசுக்கும்.

கார்புரேட்டர் பக்கம்

திறக்கும் முன் சாவியை ஆன் நிலையில் வைத்துக் காது கொடுங்கள். பல மாடல்களில் கார்புரேட்டரின் அடியில் வயர் போகிற சோலனாய்டு, அதாவது மின்சாரத்தில் திறக்கிற வால்வு ஒன்று இருக்கும். சாவி போட்டதும் 'டக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மின்சாரம் வரவில்லை, அல்லது சோலனாய்டு போய்விட்டது. ஜெட்டுக்குப் பெட்ரோல் போகாது. வயர் இணைப்பைச் சுத்தம் பண்ணியதும் உயிர் வந்த வண்டிகள் எத்தனையோ.

டக் கேட்டால், சாவியை எடுத்துவிட்டு பெட்ரோல் குழாயை அடைத்து, அடியில் இருக்கிற கிண்ணத்தைக் கழற்றுங்கள். பச்சை அல்லது தேன் நிறப் பிசின் தெரியும். மெயின் ஜெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் நடுவில் வட்டமாக ஒளி தெரிய வேண்டும். குத்திச் சுத்தம் செய்ய இரும்புக் கம்பி, ஊசி வேண்டாம். பித்தளை மெத்தென்றிருக்கும், துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் அவ்வளவுதான். நான் மெல்லிய தங்கூஸ் நரம்புதான் வைத்திருக்கிறேன், மீன்பிடிக் கடையில் கிடைக்கும். கிளீனர் ஸ்பிரே, நரம்பு, பிறகு காற்று. அரை சோக்கில் மட்டும் ஓடுகிற வண்டிக்கு வைத்தியம் இதுதான். ஜெட் சுத்தமாக இருந்தும் அரை சோக் கேட்டால், கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கசிவை அடைக்க வைக்கிற கேஸ்கெட் வழியாகக் காற்று நுழைகிறது.

பெட்ரோல் தொட்டி மூடியின் காற்றுத் துளையையும் பாருங்கள். குளவி அங்கே மண் வைத்து அடைத்திருந்தால் வண்டி பத்து நிமிடம் ஓடி நிற்கும், மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடும். சோக்கைத் திட்டிப் பயனில்லை.

இன்னொரு ஆள்மாறாட்டம். செல்ஃப் ஒரு சுற்று சுற்றி, 'டுக்' என்று முட்டி நிற்கும், மறுபடி சுற்றும், பேட்டரியோ புதுசு. ஓவர்ஹெட் வால்வு ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் இது பெரும்பாலும் வால்வு இடைவெளிக் கோளாறு. ஸ்டார்ட் ஆகும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் விடுவிக்கக் வால்வுகளைத் திறக்கிற கேம் தண்டில் ஒரு ஏற்பாடு உண்டு. தேய்மானத்தில் இடைவெளி கூடினால் அது வால்வை எட்டாது. பிரிக்ஸின் பல ஒற்றை சிலிண்டர் மாடல்களில் இன்டேக் 0.08 முதல் 0.13 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.13 முதல் 0.18. உங்கள் மாடல் எண்ணுக்குரிய கையேட்டைப் பார்த்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) வைத்தால் செல்ஃப் லேசாகச் சுற்றும்.

பிரஷ் கட்டர் வைத்திருப்பவர்கள் கேட்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. அதில் கேபிள் சோக் கிடையாது, கார்புரேட்டரிலேயே சின்ன லிவர். ரப்பர் குமிழை அழுத்திப் பெட்ரோல் ஏற்றி, சோக் மூடிக் கயிறு இழுங்கள். 'டப்' என்று ஒரு தடவை வெடித்து அடங்கும். அங்கேயே சோக்கைத் திறந்துவிட்டு இழுக்க வேண்டும். அந்த டப்பைக் கவனிக்காமல் மூடியபடியே இழுத்துக்கொண்டிருப்பதால்தான் பெட்ரோல் மூழ்கித் தோள்பட்டை போகிறது.

சீசன் முடிந்து டிராக்டரை நிறுத்தும்போது தொட்டியை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள். லிவரை மாதம் ஒருமுறை இப்படியும் அப்படியும் நாலு தடவை தள்ளுங்கள், உள்கம்பி துருவில் ஒட்டாது.